சுந்தரம்மாளுக்கு ஒரு படம்

போடியிலிருந்து மெட்டுக்கு ஏறுகிற ஜீப்பில் அன்றைக்கு ஒரு அரண்மனை வந்தது. துணியில் வரைந்த அரண்மனை. தூண்கள், படிக்கட்டு, மடிப்பு மடிப்பாகத் தொங்கும் திரை, தூரத்தில் ஒரு குளம், குளத்தில் அன்னங்கள். அதைச் சுருட்டிக் கயிறு கட்டி ஜீப்பின் மேலே ஏற்றி, ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் தலையை வெளியே நீட்டிப் பத்திரம் பார்த்தபடி வந்து சேர்ந்தார் போட்டோக்காரர் சின்னத்துரை.

ஐம்பத்தேழாம் வருஷம், தை மாதம். போடிக் கடைத்தெருவில் ஸ்டூடியோ வைத்திருந்தவர் அவர். வேட்டியின் மேல் கோட்டு போட்டு டையும் கட்டுகிற மனுஷர் அந்த வட்டாரத்தில் அவர் ஒருத்தர்தான். தன் பென்சிலால் சரிபண்ண முடியாத மூஞ்சியைக் கர்த்தர் இன்னும் படைக்கவில்லை என்பார். கண்ணாடித் தகட்டில் விழுந்த முகத்தைப் பென்சிலால் தொட்டுத் தொட்டு அம்மைத் தழும்பை எடுத்துவிடுவார், வழுக்கையில் முடி முளைக்க வைப்பார், மாறுகண்ணை நேராக்குவார். அப்படி அவர் நேராக்கிய மாப்பிள்ளைகளை நம்பிக் கழுத்தை நீட்டிய பெண்கள் போடியில் சில பேர் உண்டு.

ஏலக்காய்த் தோட்டத்துப் பங்களாவின் ஜன்னலில் நின்று பொன்னுமணி இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவணியில் தாலி கட்டி, ராசிங்காபுரத்திலிருந்து இந்த மலைச்சரிவுக்கு வந்தவள். அவளை இதுவரை யாரும் படம் எடுத்ததில்லை. அவளுக்கு அதில் ஆசை உண்டு, நிறைய உண்டு. ஆனால் இன்றைக்கு எடுக்கப்போவது அவள் படம் இல்லை.

அவள் புருஷன் ஜக்கையனுக்கு அவள் இரண்டாம் தாரம். மூத்தவள் பெயர் சுந்தரம்மாள். ஐம்பத்தைந்தாம் வருஷத்து மழைக் காலத்தில், நிறைமாதமாக இருந்தவளுக்கு வலி எடுத்துப் பிள்ளை இறங்கவில்லை. மண் சரிந்து ரோடு அடைபட்டிருந்தது. டோலியில் உட்காரவைத்து, சுமைகாரர்கள் போகிற பழைய ஒற்றையடிப் பாதை வழியாகப் போடி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். பாதி மலையில், ஒரு திருப்பத்தில், வயிற்றுப் பிள்ளையோடு செத்துப்போனாள். படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்து உயிரோடு இருந்த வரைக்கும் கேமராவுக்கு முகம் காட்டாதவள் அவள். இப்போது சாமியாக வைத்துக் கும்பிட ஒரு படம் இல்லை.

அதற்கு வழி சொன்னதே சின்னத்துரைதான். செத்தவங்க வீட்டில் உடம்பு வாகு ஒத்துப்போகிற ஒரு பெண்ணுக்கு அவங்க சேலையைக் கட்டி, அவங்க நகையைப் போட்டு உட்காரவைத்தால் போதும். முகத்தை, அடையாளம் கேட்டு, அவர் பென்சிலால் பார்த்துக்கொள்வார். "இந்த மாதிரி நெறைய வீட்டுல செஞ்சு குடுத்திருக்கேன் மொதலாளி. மால போட்டுச் சுவத்துல மாட்டுனா சொந்தப் புள்ளைக்கே வித்தியாசம் தெரியாது."

உடம்பு வாகு ஒத்துப்போன பெண் பொன்னுமணி. தன் வீட்டுச் சுவரில் இன்னொருத்தியைத் தொங்கவிடத் தன் உடம்பையே இரவல் கொடுப்பது அவளுக்குக் கசந்தது. ஆனாலும் புதுப் பெண்டாட்டி, வாயைத் திறந்து என்ன சொல்ல முடியும்? ஜக்கையன் ஒரு வாக்குக் கொடுத்திருந்தான். மூத்தவள் படம் முடிந்ததும், அவனும் பொன்னுமணியும் சேர்ந்து நிற்கிற மாதிரி இன்னொரு படம். அந்த இரண்டாவது படத்துக்காக அவள் முதல் படத்தைப் பொறுத்துக்கொண்டாள்.

முற்றத்தில் கேமராப் பெட்டியை இறக்கி வைத்துவிட்டு மலைச்சாமி முதுகை நிமிர்த்தினான். தோட்டத்தில் ரொம்ப நாள் வேலை செய்கிறவன்; அன்றைக்கு டோலியின் ஒரு பக்கத்தைத் தோளில் சுமந்தவன்.

"மொதலாளி, படம் எடுங்க. வேணாங்கல. கல்லு எப்ப வைக்கப் போறீக?"

"மறுபடி ஆரம்பிச்சுட்டியா?" என்றான் ஜக்கையன்.

"வயித்துச் சொமையோட போன ஆத்தா. சொமதாங்கி வைக்காம விட்டா எப்பிடி? நாங்க அந்தத் திருப்பத்துல பகல்ல கூட ஒத்தையில போறதில்ல."

கர்ப்பத்தோடு செத்தவளுக்குச் சுமைதாங்கிக் கல் வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். நெஞ்சு உயரத்துக்கு இரண்டு கல்லை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்கப் போட்டு, அவள் பெயரை வெட்டுவார்கள். தலைச்சுமையோடு வருகிறவன் யார் கையையும் எதிர்பார்க்காமல் அதில் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறுவான். அவன் இறக்கி வைக்கிற ஒவ்வொரு தடவையும் அவள் சுமையும் கொஞ்சம் இறங்கும் என்பது நம்பிக்கை.

"யோவ், ரோடு வந்தாச்சு, ஜீப்பு வந்தாச்சு," என்றான் ஜக்கையன். "லோடெல்லாம் ஜீப்புல போகுது. இனி எவன் அந்தப் பாதையில தலைச்சொம தூக்கிட்டு வரப்போறான்? ஆளே வராத எடத்துல கல்ல நட்டு என்ன பண்ண? படம்னா வீட்டுல இருக்கும், தெனம் கும்பிடலாம்."

அவன் கெட்டவன் இல்லை. செத்துப்போன பெண்டாட்டியை நினைத்து இன்னமும் தூக்கத்தில் விசும்புகிறவன்தான். ஆனால் புதுசாக ஒன்றைக் கண்டுவிட்டால் பழசு எதற்கும் ஆகாது என்று நினைக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன். மலைச்சாமி அரண்மனையைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்குப் போனான்.

பொன்னுமணியிடம் யாருக்கும் தெரியாத ஒரு சேதி இருந்தது. அவளுக்கு நாள் தள்ளியிருந்தது. தள்ளியிருந்தது, அவ்வளவுதான், வயிற்றில் இன்னும் ஒரு அடையாளமும் இல்லை. மாசமாக இருக்கிறவளைப் படம் எடுக்கக் கூடாது என்று அவள் ஊரிலும் சொல்வார்கள். சொல்லிவிட்டால் படம் நின்றுவிடும். அந்த இரண்டாவது படமும் போய்விடும். அதுவும் போக, பிள்ளை என்ற பேச்சைக் கேட்டாலே ஜக்கையன் முகம் செத்துப்போகும். படம் முடியட்டும், சாயந்திரம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவள் மனசைத் தேற்றிக்கொண்டாள்.

அலங்காரப் பொறுப்பு ஜக்கையனின் அக்காள் அய்யம்மாளுக்கு. இதற்கென்றே தேவாரத்திலிருந்து வந்திருந்தாள். செத்துப்போன சுந்தரம்மாளின் மேல் உயிரையே வைத்திருந்தவள். வாய் மட்டும் ஓயாது. பொன்னுமணிக்கு எண்ணெய் தேய்த்து, சீயக்காய் போட்டு, சாம்பிராணிப் புகையில் தலையை உலர்த்தி முடிப்பதற்குள் மூத்தவள் புராணம் முழுவதையும் பாடி முடித்திருந்தாள்.

"அவளுக்கு முடி இந்தா இம்புட்டு இருக்கும். ஒனக்குப் பாதிக்குப் பாதி சவுரிதான் வச்சுப் பின்னணும். கலரும் ஒன்னய விட ஒரு பங்கு தூக்கல்."

"சரிங்க மதினி."

"கோவிச்சுக்காத. இருக்கறதச் சொல்றேன்."

உள்ளறையில் சுந்தரம்மாளின் டிரங்குப் பெட்டியைத் திறந்தார்கள். அவள் போன நாளிலிருந்து அதை யாரும் திறந்ததில்லை. கற்பூரமும் ஏலக்காயும் கலந்த வாசனை மேலே வந்தது. அதற்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. மழை பெய்து ஊறிய மண்ணின் வாடை. சகதி வாடை.

வெளியே தை மாதத்து வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.

அரக்கு நிறக் கல்யாணச் சேலை. அதன் மேல் ஒரு குழந்தைச் சட்டை மடித்து வைத்திருந்தது. அய்யம்மாள் அதை அவசரமாக ஒதுக்கினாள். சேலையை விளக்கின் முன்னால் வைத்துக் கற்பூரம் ஏற்றினாள். மூத்தவள் துணியை இளையவள் உடுத்தும் முன்னால் அனுமதி கேட்க வேண்டும். கேட்டுவிட்டு நிறுத்தியிருக்கலாம். அய்யம்மாளுக்கு எதிலும் நிறுத்தத் தெரியாது.

"ஆத்தா சுந்தரம், இந்தப் படம் ஒனக்குத்தான் எடுக்குறோம். இவ சும்மா பேருக்கு. நீயே வந்து உக்காந்துக்கத்தா."

அப்போதுதான் பொன்னுமணி அந்தச் சத்தத்தைக் கேட்டாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு வாங்கினார்கள். மேட்டில் சுமையோடு ஏறி வந்தவனின் மூச்சு. இழுத்து இழுத்து, நடுநடுவே தொண்டையில் சிக்கி.

"வெளியில யாரு மதினி?"

அய்யம்மாள் எட்டிப் பார்த்தாள். "ஒருத்தரும் இல்ல. மலைச்சாமி பெட்டிய ஏத்துனானே, அவனா இருக்கும்."

மலைச்சாமியின் குரல் வீட்டின் மறுபக்கத்திலிருந்து, வராந்தாவில் யாரிடமோ ஆணி கேட்டுக்கொண்டிருந்தது.

சேலை கையில் எடுத்தபோது காய்ந்துதான் இருந்தது. கட்டி முடித்ததும் கரண்டைக்கால் சில்லென்றது. பொன்னுமணி குனிந்து தொட்டாள். கரை ஓரம் நனைந்திருந்தது. சொன்னால் அய்யம்மாள், குளித்த ஈரம் என்று சொல்லிவிடுவாள். அவளும் அப்படியே நினைத்துக்கொள்ளப் பார்த்தாள்.

அட்டிகை, காசுமாலை, கல் வளையல், வங்கி. ஒவ்வொன்றாக ஏற ஏற உடம்பு கனத்தது. நகைக் கனம் அவளுக்குத் தெரியும். கல்யாணத்தன்று இதைவிட அதிகம் போட்டிருந்தாள். இது நகையின் கனம் இல்லை. தோளிலிருந்து இறங்கி இடுப்பில் உட்கார்ந்தது. முதுகுத் தண்டு விண்விண் என்று தெறித்தது. இரண்டு கால்களும் தானாகவே கொஞ்சம் அகன்று நின்றன.

கடைசியாக ஒட்டியாணம்.

"அவளுக்கு இடுப்பு மட்டும் கொஞ்சம் தாட்டி. ஒனக்குத் தொளதொளன்னு இருக்கும், பின்னாடி ஊக்கு குத்திக்கலாம்," என்று அய்யம்மாள் அதை இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்தாள்.

எட்டவில்லை.

இழுத்துப் பார்த்தாள். இரண்டு முனைக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருந்தது. அய்யம்மாள் பொன்னுமணியின் வயிற்றைப் பார்த்தாள். தட்டையாக இருந்தது. கண்ணாடியிலும் பார்த்தாள். தட்டையாகத்தான் இருந்தது. ஒட்டியாணத்தின் முனைகள் அந்தரத்தில், எதையோ சுற்றி நிற்பதைப் போல நின்றன.

"கொக்கி வளஞ்சு போச்சு போல," என்று முணுமுணுத்து அதைப் பெட்டிக்குள் போட்டாள்.

வராந்தாவுக்குப் போக மூன்றே படிதான். பொன்னுமணி ஒரு கையைச் சுவரில் ஊன்றி, இன்னொரு கையை இடுப்பில் கொடுத்து, ஒவ்வொரு படியாக இறங்கினாள். பின்னால் வந்த அய்யம்மாள் அவள் தோளைப் பிடித்தாள். விரல்கள் ஜில்லென்றிருந்தன.

"ஏத்தா இப்பிடி நடக்குற?"

"இடுப்பு வலிக்குது மதினி."

"கடேசி மாசத்துல அவ இப்பிடித்தான் எறங்குவா," என்றாள் அய்யம்மாள், மிக மெதுவாக.

வராந்தாவில் அரண்மனையைக் கட்டியிருந்தார்கள். அதன் முன்னால் கைவைத்த நாற்காலி, பக்கத்தில் ஒரு முக்காலி, முக்காலியில் காகிதப் பூ. சின்னத்துரை பொன்னுமணிக்குத் தன் பெட்டியிலிருந்தே பவுடர் எடுத்துக் கொடுத்தார். முகவாயைத் தூக்கச் சொன்னார், தாழ்த்தச் சொன்னார், ஒரு விரற்கடை மட்டும் தாழ்த்தச் சொன்னேன் என்று கடிந்துகொண்டார். மடியில் கையைக் கோத்துக்கொள்ளச் சொன்னார். கீழே சரிவில் வெள்ளை மூட்டமாக மஞ்சு ஏறத் தொடங்கியிருந்தது. வெளிச்சம் போவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று அவருக்கு அவசரம்.

மூன்று கால் சட்டத்தில் நின்ற கேமராப் பெட்டியின் பின்னால் போய்க் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். அந்தப் பெட்டியின் கண்ணாடியில் உருவம் தலைகீழாக விழும். பழகிய கண்ணுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

தலையை வெளியே எடுத்துப் பொன்னுமணியைப் பார்த்தார். மறுபடி உள்ளே போனார். மறுபடி வெளியே வந்தார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

பிறகு ஜக்கையனின் காதருகே போனார். கிசுகிசுத்தாலும் அந்த வராந்தாவில் எல்லாம் கேட்கும்.

"மொதலாளி, மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?"

"எத?"

"மாசமா இருக்கவுகள நான் எடுக்குறதில்ல. அதுவும் இப்பிடி நெறமாசத்துல."

பொன்னுமணி நிமிர்ந்து பார்த்தாள். இவருக்கு எப்படித் தெரிந்தது? நிறைமாசம் என்கிறாரே, ஏன்?

"என்னய்யா ஒளர்றீரு?" என்றான் ஜக்கையன். "அவளப் பாரும்."

சின்னத்துரை பார்த்தார். வெறுங்கண்ணால் பார்த்தால் ஒன்றும் இல்லை. "கண்ணாடியில அழுக்கு போலருக்கு," என்று சொல்லித் திரும்பிப் போனார். தகட்டை எடுத்துப் பெட்டியில் செருகினார்.

இப்போது சொல்லிவிட வேண்டும் என்று பொன்னுமணி நினைத்தாள். எழுந்துவிட வேண்டும். வாயைத் திறந்துகொண்டு ஜக்கையனின் முகத்தைப் பார்த்தாள். அவன் இமைக்காமல் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு தடவைகூட அவன் அவளை அப்படிப் பார்த்ததில்லை. கண் கலங்கியிருந்தது.

"அப்பிடியே இரு, சுந்தரம்," என்றான்.

அந்த ஒரு வார்த்தை அவளை அறைந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள். சொல்லும் நேரம் அதோடு போய்விட்டது.

"நான் மூடியக் கழட்டுனதும் மூச்ச அடக்கிக்கணும்," என்றார் சின்னத்துரை. "திரும்ப மாட்டுற வரைக்கும் அசையப்படாது. எல்லாரும் சத்தமில்லாம இருங்க."

மஞ்சு வராந்தாவின் விளிம்பைத் தொட்டது.

மூடி கழன்றது.

பொன்னுமணி மூச்சை அடக்கினாள்.

மூச்சுச் சத்தம் நிற்கவில்லை.

அது அவள் பிடரிக்குப் பின்னால் இருந்தது. நாற்காலிக்கும் அரண்மனைத் துணிக்கும் நடுவில் ஒரு ஆள் நிற்க இடம் கிடையாது. அங்கேதான் இருந்தது. இழுத்து இழுத்து, தொண்டையில் சிக்கிச் சிக்கி. ஈர மண் வாடை அவள் மூக்கில் ஏறியது. பிடரியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்து சட்டைக்குள் இறங்கியது.

அசையக் கூடாது.

மூச்சு கீழே குனிந்தது. அவள் காதைத் தாண்டி, தோளைத் தாண்டி, மடிக்கு நேராக வந்தது. சுமைகாரன் கல்லைக் கண்டதும் முட்டியைத் தளர்த்திக் குனிவான். அப்படிக் குனிந்தது.

பிறகு ஒரு பெருமூச்சு.

உஸ்ஸ்ஸ்.

எத்தனையோ நாளாகத் தூக்கி வந்ததை இறக்கி வைத்த மூச்சு. அதைக் கேட்ட மலைச்சாமி கையிலிருந்த சுத்தியலைக் கீழே போட்டான்; அந்தச் சத்தம் தெரியாதவனா அவன்? பொன்னுமணியின் அடிவயிற்றில் ஏதோ கனத்து உட்கார்ந்தது. நாற்காலியின் பின்கால் படாரென்று விரிசல் விட்டது.

சின்னத்துரை மூடியை மாட்டினார்.

வராந்தாவில் ஈர மண் வாடை இல்லை. சாம்பிராணி வாசனை மட்டும் இருந்தது. ஜக்கையன் எதையும் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. "ஒன் சேலைய மாத்திக்கிட்டு வெரசா வா புள்ள, மஞ்சு மூடுது," என்றான். வாக்கைக் காப்பாற்றுகிறவன்தான்.

அவள் தன் பச்சைச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்து அவன் பக்கத்தில் நின்றாள். எத்தனை நாள் ஆசை. நகையெல்லாம் கழற்றியும் கனம் இறங்கவில்லை. நிற்க முடியாமல் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். இந்தத் தடவை சின்னத்துரை கண்ணாடியை ஒரு தடவைக்கு மேல் பார்க்கவில்லை. எடுத்தார், மூட்டையைக் கட்டினார், சாப்பாட்டுக்கு இருக்கச் சொன்னதையும் கேட்காமல் ஜீப்பில் ஏறிவிட்டார்.

சாயந்திரம் சொல்லலாம் என்றிருந்தவள் சொல்லவில்லை. படுத்தவளால் புரளவே முடியவில்லை. அதற்குப் பிந்திய நாட்களிலும் அப்படித்தான். பார்க்கிறவர்களுக்கு அவள் அதே ஒல்லிப் பெண். ஆனால் நடந்தால் தரைப் பலகை முனகியது, உட்கார்ந்தால் கட்டில் கயிறு இறங்கியது. தண்ணீர்க் குடத்தை எடுக்கக் குனிந்தால் ஒரு கை தானாக இடுப்புக்குப் போனது. அய்யம்மாள் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஒரு காலையில், "அவளும் இப்பிடித்தான்" என்று தொடங்கியவள் மேலே பேசாமல் துணிமணியைக் கட்டிக்கொண்டு தேவாரத்துக்குக் கிளம்பிவிட்டாள். பேச்சைப் பாதியில் விட்டது அவள் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

படங்களை ஜீப்பில் கொடுத்தனுப்புவதாகப் பேச்சு. சின்னத்துரை தானே கொண்டுவந்தார். கழுத்தில் டை இல்லை. பழைய பேப்பரில் சுற்றியதை வராந்தாவில் வைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார்.

"மொதலாளி, வேதத்து மேல ஆணையா சொல்றேன். நான் பென்சில் வைக்கல. கழுவி எடுத்ததும் இப்பிடித்தான் இருந்துச்சு."

ஜக்கையன் பேப்பரைப் பிரித்தான். முதல் படத்தைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான்.

பொன்னுமணி எட்டிப் பார்த்தாள். கைவைத்த நாற்காலி, அரண்மனை, காகிதப் பூ. அரக்குச் சேலை கறுப்பாக விழுந்திருந்தது. அதற்கு மேலே இருந்தது அவள் முகம் இல்லை. அகன்ற நெற்றி, தடித்த இமை, கீழுதட்டுக்குக் கீழே ஒரு மச்சம்.

"அந்த மச்சத்த நான் ஒமக்குச் சொல்லவே இல்லையே," என்றான் ஜக்கையன். அவன் தோள்கள் குலுங்கின.

படத்தில் இருந்தவள் அழகாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கைகள் மடியில் கோத்திருக்கவில்லை. வேலை முடிந்தவளின் கைகளாக இரண்டும் விரிந்து கிடந்தன. வயிறு ஒட்டியிருந்தது. முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சின்னத்துரையின் படங்களில் யாருமே அவ்வளவு நிம்மதியாக இருந்ததில்லை.

"ரெண்டாவத நீங்க பாக்க வேணாம்மா," என்றார் சின்னத்துரை.

அவள் அதற்குள் எடுத்துவிட்டாள். இரவல் கோட்டு போட்ட ஜக்கையன். பக்கத்தில் அவள். இது அவள் முகமேதான். பென்சில் படாமல், கொஞ்சம் பயந்துபோய், அவள் ஆசைப்பட்டபடியே தெளிவாக விழுந்திருந்தது. ஒரு கை நாற்காலியைப் பிடித்திருந்தது. இன்னொரு கை இடுப்பில் இருந்தது. பச்சைச் சேலைக்குள் வயிறு, இன்றைக்கோ நாளைக்கோ என்கிற வயிறு, முன்னால் தள்ளிக்கொண்டு நின்றது.



"நாளு தள்ளித்தான் இருக்குங்க," என்றாள் பொன்னுமணி. தன் குரல் தனக்கே தூரத்தில் கேட்டது. "அம்புட்டுத்தான். ஒங்ககிட்டச் சொல்லணும்னுதான் இருந்தேன்."

ஜக்கையன் அவள் முகத்தைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான். எழுந்து தோட்டத்துப் பக்கம் ஓடினான்.

"மலைச்சாமி, கல்லு கொண்டா. எங்குட்டு இருந்தாலும் சரி. இன்னைக்கே ஆளக் கூட்டிட்டு வா."

கல் வந்தது. ஜீப்பு போகாத பாதை அது. கழியில் கட்டி ஆட்கள்தான் தூக்கி ஏற வேண்டியிருந்தது. டோலி இறங்கிய அந்தத் திருப்பத்தில் இரண்டு கல்லை நட்டார்கள். மேலே படுக்கப் போட வேண்டிய கல்லைப் பங்களா முற்றத்தில் வைத்துக் கொத்தினார் கல்தச்சர் பிச்சைமணி. உளிச் சத்தம் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. ஜக்கையன் பக்கத்திலேயே நின்று வெரசா, வெரசா என்றான். கல் ஏறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவன் நம்பினான். பொன்னுமணியிடம் ராத்திரியும் பகலும் அதையே சொன்னான். பாவம், அவன் அவளை இழக்கப் பயந்தான். இப்போதுதான் அவன் அவளை அவளாகப் பார்த்தான்.

உள்ளே சுவரில் மாலையோடு தொங்குகிற முகத்தைப் பொன்னுமணி தினமும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். தூக்கி வந்ததை இறக்கி வைத்தவளின் முகம். அந்த முகத்துக்கு இனிமேல் ஒரு கல் எதற்கு?

கல் வழவழவென்று ஆன அன்று மத்தியானம், பிச்சைமணி தோள் துண்டால் தூசியைத் தட்டிவிட்டு வராந்தாப் பக்கம் வந்தார்.

"பேரு வெட்டுனா வேல முடிஞ்சது. சாயந்திரமே ஏத்திப்புடலாம். என்ன பேருங்க?"

"சுந்தரம்மாள்," என்றான் ஜக்கையன்.

பொன்னுமணி தூணைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். யாரோ பக்கத்தில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. இழுத்து இழுத்து, தொண்டையில் சிக்கி. அவள் திரும்பிப் பார்த்தாள். பின்னால் ஒருவரும் இல்லை. அரண்மனையை மாட்டிய ஆணிகள் மட்டும் சுவரில் இருந்தன. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்த பிறகுதான், மூச்சு வாங்குவது தான்தான் என்று அவளுக்குத் தெரிந்தது.

வயிற்றுக்குள் அது உதைத்தது. நாள் மட்டுமே தள்ளியிருக்கிற வயிற்றில், நிறைமாதத்துப் பிள்ளையின் உதை. பட்ட இடம் மழைத்தண்ணீர் பட்ட மாதிரி குளிர்ந்தது.

"அண்ணே," என்றாள் கல்தச்சரைப் பார்த்து. "கல்ல முடிச்சு வையுங்க. பேர மட்டும் இப்ப வெட்டாதீங்க. கொஞ்ச நாள் பொறுங்க."